மீன் பையும் முள்ளந்தண்டும்

தரம் 6 படிக்கும் என் பேத்திக்கு முள்ளந்தண்டுளி (முதுகெலும்பு உள்ள விலங்கு), முள்ளந்தண்டிலி (அது இல்லாத விலங்கு) என்றாலே குழப்பம். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அது தீர்ந்தது. நீங்களும் செய்து பாருங்கள்.

முதலில் உங்கள் முதுகின் நடுவில் விரலை வைத்துத் தடவுங்கள். கட்டை கட்டையாகத் தட்டுப்படுகிறதா? அதுதான் முள்ளந்தண்டு. சரி, இனிப் பொரித்த சூடை மீனைப் பிரியுங்கள். நடுமுள்ளும் அதேதான், சின்னச் சின்ன எலும்புகள் கோத்த மாலை.

இறால், நண்டுக்கு ஓடு வெளியே, உள்ளே சதை. முள்ளந்தண்டிலிகள். கணவாயில்தான் பேத்தி ஏமாந்தாள். "உள்ளே வெள்ளையாக ஓடு இருக்கே அம்மம்மா!" நகத்தால் சுரண்டச் சொன்னேன். சுண்ணாம்புபோல் பொடிந்தது. ஒரே துண்டு, கோத்த கட்டைகள் இல்லை. கணவாய் நத்தைக்கு உறவு! சுறா இதற்கு நேர்மாறு: எலும்பே இல்லை, எல்லாம் கசியிழையம் (வளையும் குருத்து), ஆனாலும் முள்ளந்தண்டு உண்டு.

மீன்கள், ஈரூடகவாழிகள், ஊர்வன, பறவைகள், முலையூட்டிகள் என முள்ளந்தண்டுளிகள் 5 வகை. பாம்பு இப்படி வளைகிறதே என்று சந்தேகப்படாதீர்கள். அதன் முதுகில் 100க்கு மேற்பட்ட எலும்புகள். நுளம்பு, கரப்பான், மண்புழு எல்லாம் மறுபக்கம். கூட்டமும் அங்கேதான்: உலகின் விலங்கினங்களில் 100க்கு 95க்கும் மேல்.