செருப்பை மட்டும் தேடாதீர்கள்: ஒரே கதையைப் பல நாட்டு வடிவங்களில் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். சேர்ந்து வாசிப்பதுதான் வேலை. இந்த வருடம் ஒரே கதையைப் பல நாட்டு வடிவங்களில் எடுத்து ஒப்பிடுவோம் என்று சிண்ட்ரெல்லாவில் தொடங்கினோம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான கதை கிடையாது. படத்தில் பார்த்தது ஒன்று, மலாய்த் தோழிகள் சொல்லிக் கேட்டது ஒன்று, சிலருக்கு வீட்டில் பாட்டி சொன்னது இன்னொன்று என்று எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கும்.

முதல் வாரமே நான்காம் படிவ மாணவி ஒருத்தி கோடு போட்டு அட்டவணை தயாரித்துக்கொண்டு வந்தாள். இடப்பக்கம் சிண்ட்ரெல்லா, வலப்பக்கம் மலாய்க்காரர்களின் 'பாவாங் பூத்தே பாவாங் மேரா'. கண்ணாடிச் செருப்பு, இல்லை. பூசணிக்காய் வண்டி, இல்லை. தேவதை, இல்லை. நள்ளிரவு மணி, இல்லை. அடியில் முடிவுரை: "மலாய்க் கதையில் பல பகுதிகள் விடுபட்டுள்ளன."

அக்கறையோடு உழைத்த பிள்ளை. கதை ஒப்பிட உட்காரும் ஏறக்குறைய எல்லோரும் முதலில் விழுகிற குழியில்தான் அவளும் விழுந்திருந்தாள்.

முதலில் பார்த்ததை அளவுகோல் ஆக்குவது

பூசணி வண்டி, தேவதை, கண்ணாடிச் செருப்பு மூன்றும் சார்ல் பெரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1697இல் அச்சிட்ட வடிவத்தில் வருபவை. 1950இல் வந்த டிஸ்னி படம் அதைப் பின்பற்றியது. படம் போகாத ஊர் இல்லை என்பதால் அதுவே அசல் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் பெரோவுக்கு அறுபது வருடங்களுக்கு முன்பே, 1634இல், நேப்பிள்ஸ் பேச்சுமொழியில் ஜாம்பத்திஸ்தா பசிலேயின் தொகுப்பில் இந்தக் கதை வந்துவிட்டது. அதில் கதாநாயகியே தன் முதல் மாற்றாந்தாயைப் பெட்டி மூடியால் கழுத்தை முறித்துக் கொல்கிறாள். கிரிம் சகோதரர்களின் ஜெர்மன் வடிவத்தில் தேவதையும் கிடையாது, பூசணியும் கிடையாது. அம்மாவின் சமாதியில் வளர்ந்த மரம்தான் உடை தருகிறது; செருப்பும் பொன் செருப்பு. ஐரோப்பாவுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, மலாய்க் கதையில் 'விடுபட்டது' என்றால் எதிலிருந்து விடுபட்டது?

பழையதுதான் தாய் என்று முடிவுகட்டுவது

இதைச் சொன்னதும் பிள்ளைகள் மறுகோடிக்குப் போனார்கள். "அப்போ எது ரொம்பப் பழசு, அதுதான் ஒரிஜினல்!" என்று தேட ஆரம்பித்தார்கள். கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோ ஏறக்குறைய 2,000 வருடங்களுக்கு முன் எழுதிய ரோடோபிஸ் கதை அகப்பட்டது. எகிப்தில் அந்தப் பெண் குளிக்கும்போது ஒரு கழுகு அவள் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய் ராஜாவின் மடியில் போடுகிறது. ராஜா ஆள் அனுப்பித் தேடி அவளை மணக்கிறார். அவ்வளவுதான். மாற்றாந்தாய் இல்லை, அடுப்படிச் சாம்பல் இல்லை, துணைக்கு வரும் மீனோ மரமோ இல்லை. ஒற்றைச் செருப்பை வைத்து இதை முதல் சிண்ட்ரெல்லா என்றால், பரதன் சுமந்த பாதுகையையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டியதுதான்.

சீனத்து யே சியன் கதை வேறு ரகம். ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி என்ற அதிகாரி எழுதிவைத்தது. மாற்றாந்தாய், கொல்லப்படும் மீன், வேண்டியதைக் கொடுக்கும் அதன் எலும்பு, திருவிழா, தவறவிட்ட பொன் செருப்பு என்று நமக்குத் தெரிந்த கதை முழுசாக இருக்கிறது. ஆனால் துவான் தானே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்: தெற்கே யோங்சோ பகுதியைச் சேர்ந்த, தன் வீட்டில் வேலை செய்த ஒருவர் சொல்லக் கேட்டதுதான் இது. அதாவது எழுதப்பட்ட நாளிலேயே அது வாய்மொழியாக இருந்த கதை. எழுதிய தேதி கதை பிறந்த தேதி ஆகாது. பிறப்புப் பத்திரம் தாமதமாக எடுத்த பிள்ளைகள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! பத்திரத்துத் தேதியை வைத்தா அவர்கள் வயதைச் சொல்வோம்?

பொருளைத் தேடி, வேலையை விட்டுவிடுவது

எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுவது இதுதான். செருப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதைவிட, செருப்பு அந்தக் கதையில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். வேஷம் கலைந்து அடுப்படிக்குத் திரும்பிவிட்ட பெண்ணை, அவளுக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்றை வைத்து அடையாளம் காண்கிறார்கள். இந்த வேலையை மலாய்க் கதையில் எது செய்கிறது?

ஊஞ்சல். அங்கே கதை இப்படி: ஒருவருக்கு இரண்டு மனைவிகள், ஆளுக்கு ஒரு மகள். நல்ல பெண்ணின் தாய் இறந்து மீனாக வருகிறாள். இளைய மனைவி அந்த மீனைப் பிடித்துச் சமைத்துவிடுகிறாள். மகள் எலும்பைப் பொறுக்கிப் புதைக்கிறாள், அங்கே மரம் வளர்கிறது, மரத்தில் ஓர் ஊஞ்சல். அவள் உட்கார்ந்து பாடினால் மட்டும் அது தானாக ஆடும். காட்டு வழியே வந்த இளவரசன் பாட்டைக் கேட்டு அவளைத் தேடி வீட்டுக்கு வருகிறான். மாற்றாந்தாய் தன் மகளை உட்காரவைக்கிறாள், ஊஞ்சல் அசையவே இல்லை. மகளின் காலைச் செருப்புக்குள் திணித்துப் பார்க்கிற அதே காட்சிதான், அங்கே பாதம், இங்கே குரல்.

வியட்நாமின் தாம், காம் கதையில் செருப்பும் உண்டு. ஆனால் கதை கல்யாணத்தோடு நிற்பதில்லை. ராணியான தாமைப் பாக்கு மரத்தில் ஏறவைத்து, அடியில் மரத்தை வெட்டிக் கொன்றுவிடுகிறார்கள். அவள் பறவையாகிறாள், மரமாகிறாள், தறியாகிறாள், கடைசியில் ஒரு பழத்துக்குள் ஒளிந்து ஒரு கிழவியின் குடிசைக்கு வந்து சேர்கிறாள். அங்கே வந்த ராஜாவுக்குக் கிழவி வெற்றிலை கொடுக்கிறாள். இலை பறவைச் சிறகு போல மடிக்கப்பட்டிருக்கிறது. இது என் மனைவியின் கை மடிப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இதை வாசித்தபோது மண்டபத்தில் ஒரு பையன், "வெத்தலைய வச்சு எப்படி டீச்சர் ஆளக் கண்டுபிடிக்க முடியும்?" என்றான். அன்று கோயிலுக்கு வந்திருந்த ஒரு பாட்டியை உட்காரவைத்து ஒரு வாய் மடிக்கச் சொன்னேன். காம்பைக் கிள்ளி, நுனியைக் கிள்ளி, சேலையில் துடைத்து, முதுகுப் பக்கம் சுண்ணாம்பை நகத்தால் இழுத்து, சீவலை வைத்து மூன்றே மடிப்பு. பக்கத்திலிருந்த இன்னொரு பாட்டி, "ஏன்டி, உங்கம்மா மாதிரியே மடிக்கிற" என்றார். பையனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உறவுச் சொல்லை ஒரே வார்த்தையில் அடைப்பது

பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் மற்ற வடிவங்களை வாசிக்கிறார்கள். அங்கே ஒரே சொல்லில் எல்லாம் 'ஸ்டெப்மதர்'. தாய் இறந்தபின் அப்பா கட்டிக்கொண்டு வந்தவளும், தாய் உயிரோடிருக்கும்போதே வீட்டிலிருந்த சக்களத்தியும் ஒன்றல்ல. பெரோவின் கதையில் முதல் வகை. யே சியனின் அப்பாவுக்கு இரண்டு மனைவிகள். மலாய்க் கதையிலும் பல இடங்களில் அப்படித்தான். வீட்டுக்குள் சண்டையின் வேர் அங்கே வேறு. தமிழில் இதற்குச் சொற்கள் தயாராக இருக்கின்றன, பயன்படுத்துங்கள்.

பெயர்களும் அப்படித்தான். பாவாங் மேரா சின்ன வெங்காயம், பாவாங் பூத்தே பூண்டு. இவர்களில் யார் நல்லவள் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. இந்தோனேசியாவில் பலரும் சொல்வதில் பூண்டு நல்ல பெண். எங்கள் கம்பத்தில் (கிராமத்தில்) நாசி லெமாக் சோறு விற்கும் மக்சிக் (மலாய் அத்தை) சொல்வதில் வெங்காயம்தான் நல்லவள். ஆகவே "மலாய் வடிவம்" என்று ஒற்றையாக எழுதுவதைத் தவிருங்கள். யார் சொன்னது, எங்கே கேட்டது என்று எழுதுங்கள்.

அகராதியை நம்பி இன்னொரு பிள்ளை 'புவாயான்' என்பதைத் 'தொட்டில்' என்று எழுதியிருந்தாள். மலாயில் அந்தச் சொல் தொட்டிலுக்கும் ஊஞ்சலுக்கும் பொது. கல்யாண வயதுப் பெண் தொட்டிலில் உட்கார்ந்து பாடுகிறாள் என்று வந்துவிட்டது. திருத்தினேன். இந்தத் திருத்தத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

இழுத்து முடிச்சுப் போடுவது

"நம்ம நல்லதங்காள்தான் தமிழ் சிண்ட்ரெல்லா" என்று ஒரு பிள்ளை உறுதியாகச் சொன்னாள். பாசத்தில் வந்த வாதம். ஆனால் நல்லதங்காள், பஞ்சத்தில் பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடிப் போய், அண்ணியால் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தவள். துன்பப்படும் பெண் என்பதைத் தவிரக் கதையின் எலும்புக்கூடு வேறு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டால் இரண்டு கதையும் கெடும். பக்கத்தில் கன்னடத்தில் ஏ.கே. ராமானுஜன் பதிவு செய்த ஹஞ்சி கதை இருக்கிறது: பொன்கூந்தல் பெண் ஒருத்தி மண் முகமூடி அணிந்து ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். சொந்த அண்ணனின் தகாத ஆசைக்குப் பயந்து ஓடிவந்தவள் அவள். மாற்றாந்தாய்க் கொடுமை இதில் இல்லை. நாட்டார் கதை அட்டவணையில் சிண்ட்ரெல்லாவுக்கு 510ஏ, இப்படி வீட்டைவிட்டு ஓடிவந்து உருவை மறைத்து வாழும் பெண்களுக்கு 510பி.

அந்த எண்கள் பற்றி ஒரு வார்த்தை. ஆர்னே என்ற ஆய்வாளர் 1910இல் தொடங்கி, தாம்ப்சன் விரித்து, ஊத்தர் 2004இல் திருத்திய பட்டியல் அது. நூலகத்தில் அலமாரி எண் போல. எந்த அடுக்கில் தேடலாம் என்று சொல்லும், கதைக்கு அர்த்தம் சொல்லாது. சில பிள்ளைகள் எண்ணை எழுதியதும் ஒப்பீடு முடிந்தது என்று பேனாவை மூடிவிடுகிறார்கள்.

வழக்கத்தைப் பின்னோக்கி ஒட்டுவது

யே சியனின் சின்னச் செருப்பைப் பார்த்ததும் "சீனாவில் பெண்களின் பாதத்தைக் கட்டுவார்களே, அதனால்தான்" என்று எழுதுவது சுலபம். பாதம் கட்டும் வழக்கம் பரவியது துவானின் காலத்துக்குப் பிறகு. அவர் அந்தச் செருப்பைப் பற்றிச் சொல்வது வேறு: மயிர் போல லேசானது, கல்லில் மிதித்தாலும் ஓசை எழாது. அதைவிட்டுவிட்டு நமக்குத் தெரிந்த சீனாவைக் கொண்டுபோய்த் திணிக்கிறோம். அதேபோல், பெரோ சொன்னது கண்ணாடி அல்ல, விலங்கின் மென்மயிர்த் தோல், காதில் தவறாக விழுந்துவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. 1697 பதிப்பில் கண்ணாடி என்றே இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

முடிவை வெட்டிச் சுத்தம் செய்வது

கிரிம் கதையில் புறாக்கள் சகோதரிகளின் கண்ணைக் கொத்துகின்றன. "ஜெர்மானியர் கொடூரமானவர்கள்" என்று ஒரு கட்டுரை வந்தது. 1812 முதல் பதிப்பில் அந்தக் கொத்தலே இல்லை, 1819இல் சேர்ந்தது. 1857 வரை ஏழு பதிப்புகள், ஒவ்வொன்றிலும் கை வைத்திருக்கிறார்கள். எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் ஓர் இனத்துக்கே தீர்ப்பு எழுதக் கூடாது.

யே சியனின் முடிவு என்னை விட்டுப் போகாதது. தாயும் மகளும் பறந்துவந்த கற்களால் அடிபட்டுச் சாகிறார்கள். ஊர்க்காரர்கள் இரக்கப்பட்டு அவர்களைக் கற்குழியில் புதைக்கிறார்கள், பிறகு அந்தச் சமாதியிலேயே வேண்டுதல் வைக்கிறார்கள். கெட்டவர்களாகச் செத்தவர்களுக்கும் ஊர் விளக்கேற்றுகிறது. பிள்ளைகள் தயாரித்த சுருக்கத்தில் இது ஒருவரிடமும் இல்லை; "அதன் பிறகு மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள்" என்று எல்லோரும் முடித்திருந்தார்கள்.

போன மாதம் அந்த அட்டவணை மாணவியின் பூட்டியைப் பார்க்கப் போனோம். தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் இருந்த காலத்தில் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். இப்போது அங்கே முழுக்கச் செம்பனை. பால்வெட்டுக்கு வந்த ஒரு மலாய்ப் பெண்ணிடம் கேட்ட கதை என்று சொல்லி ஆரம்பித்தார். மீன் தோட்டத்து அல்லூரில் (ஓடையில்) நீந்தியது. எலும்பிலிருந்து மரம் வந்தது. மரத்தில் தூளி தொங்கியது.

"பூட்டி, ஊஞ்சல்" என்று மெதுவாகத் திருத்தினாள் மாணவி. நான் சொல்லிக்கொடுத்த திருத்தம்.

"ஊஞ்சல் இல்லடி, தூளி. அவ பாடினாத்தான் ஆடும். வேற எவ பாடினாலும் புள்ள தூங்காது." கையைக் காற்றில் முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார், ஒரே நேரத்தில் இரண்டு கயிறுகளை இழுப்பவர் போல. விடியற்காலை ஐந்து மணிக்குத் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) போன பிறகு எட்டுத் தூளி ஆட்டியவர் அவர்.

மாணவி நோட்டைத் திறந்து, 'தொட்டில் தவறு' என்று எழுதியிருந்த வரியை அடித்தாள். மேலே புதிதாக எழுதினாள்: சொன்னவர், என் பூட்டி. கேட்டது, பால்வெட்டு நாளில், மலாயில். சொன்னது தமிழில், தூங்காத பிள்ளைகளுக்கு.