கேரவன் ஆனிங்குக்குத் தரைவிரிப்பு: நிலத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

வேல்ஸ் கடற்கரையோரம், காரில் இழுத்துவரும் வீட்டுவண்டியான கேரவனை நிறுத்தித் தங்கும் ஒரு தளம். ஐந்து நாள் மழையும் வெயிலும் மாறி மாறி வந்து போயிருந்தன. புறப்படும் நாள் காலை, கேரவனோடு சேர்த்துக் கட்டியிருந்த துணிக் கூடாரமான ஆனிங்கைக் கழற்றிவிட்டு, கீழே விரித்திருந்த நீலப் படங்கின் ஒரு மூலையைத் தூக்கினேன். முதலில் முகத்தில் அடித்தது வற்றிய குளத்துச் சேற்று வாடை. பிறகுதான் கண்ணில் பட்டது, நாலு மீட்டர் நீளத்துக்கு வைக்கோல் நிறத்தில் ஒரு செவ்வகம். புல்லெல்லாம் மண்ணோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது. தளத்தைப் பராமரிக்கிற பெரியவர் வந்து பார்த்தார். ஏசவில்லை. "பின்னேரம் இந்த இடத்துக்கு ஒரு குடும்பம் வருகிறது, அவர்களை வேறு இடத்துக்கு மாற்றவேண்டும்" என்று மட்டும் சொன்னார். ஏச்சைவிட அது உறைத்தது.

ஆனிங் கேரவனுக்கு விறாந்தை மாதிரி. கேரவனின் பக்கச்சுவரில் ஓடும் தண்டவாளப் பள்ளத்தில் துணியைக் கோத்து இழுத்து, தடி கொடுத்து, முளையடித்து நிறுத்துகிறோம். சாப்பாடு, விளையாட்டு, ஈரச் சப்பாத்து, குடை எல்லாம் அங்கேதான். அதன் தரைக்கு என்ன போடுவது என்பதை வாங்கும்போது கடைசியாகத்தான் யோசிக்கிறோம். கடையில் எது மலிவோ, எது மெத்தென்று இருக்கிறதோ அதை எடுத்துவிடுகிறோம். ஆனால் தரையைத் தீர்மானிப்பது நீங்கள் போகும் தளத்தின் நிலம். அது புல்லா சரளையா என்று தெரியாமல் வாங்கிய விரிப்பு பாதிக் காசு வீண்.

புல்லில் பிளாஸ்டிக் படங்கை விரிப்பது

இதுதான் எல்லாத் தவறுக்கும் தலையாயது. புல்லுக்கு வெளிச்சமும் காற்றும் இரண்டும் வேண்டும். நீர் புகாத படங்கு இரண்டையும் அடைத்துவிடுகிறது. அடியில் வெக்கையும் ஈரமும் சேர்ந்து சில நாட்களிலேயே புல் வெளிறி அழுகத் தொடங்கும். அதனால்தான் பிரித்தானியத் தளங்கள் பலவற்றில் புல்லின்மேல் காற்றோடும் விரிப்பு மட்டும்தான் போடலாம் என்று விதி இருக்கிறது. கடையில் அதன் உறையில் ‘பிரீதபிள்’ என்று எழுதியிருக்கும். சில தளங்கள் எந்த விரிப்பையும் அனுமதிப்பதில்லை. இடம் பதியும்போதே கேட்டுவிடுங்கள். ஒரு தொலைபேசி அழைப்போடு முடியும் வேலை.

காற்றோடும் விரிப்பு என்பது துளை விட்டு நெய்தது. அதில் நல்லது எது என்று பார்க்க நான் செய்வது ஒன்றுதான்: கடையில் ஒரு மூலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். ஊசிக்கண் மாதிரி வெளிச்சம் சிதறித் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், உறையில் என்ன எழுதியிருந்தாலும் புல்லுக்கு அது படங்குதான்.

இந்த நெசவில் பேர்பெற்றது சுவீடனின் போலோன் நிறுவனம். 1949இல் கழிவுத் துணியைக் கிழித்துக் கந்தல் பாய் நெய்து தொடங்கியவர்கள், 1960களில் வினைல் நூலில் கேரவன் ஆனிங்குகளுக்கு விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். பாயில் உட்கார்ந்து வளர்ந்த நமக்கு அந்த நெசவைக் கையால் தடவும்போதே பழகின பொருளாகத் தெரியும். விலை கூடத்தான். ஆனால் வருடத்தில் நாலைந்து முறை புல்தரைத் தளங்களுக்குப் போகிற குடும்பத்துக்கு அது செலவில்லை என்பதே என் எண்ணம்.

காற்றோடும் விரிப்பு போட்டாலும் மூன்று நாளைக்கு ஒருமுறை கதிரை மேசையை ஒதுக்கிவிட்டு, காய்ந்த நேரம் பார்த்துச் சுருட்டிப் புல்லுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள். ஒரு காலைப்பொழுது போதும்.

அதற்குக் கீழே இன்னொன்று

துளை வழியாகக் காற்று போனால் மண்ணின் ஈரலிப்பும் அதே வழியாக மேலே வரத்தான் செய்யும். குளிர் இரவில் அந்த ஆவி ஆனிங் கூரையில் பட்டுத் துளியாகித் தலையில் சொட்டும். உடனே பலர் செய்வது, விரிப்பின் அடியில் ஒரு பொலித்தீன் தாளைக் கொண்டுவந்து போடுவது. புல் சாகிறது என்பது ஒரு பக்கம். மேலிருந்து சிந்துகிற தண்ணீர் எல்லாம் நெசவு வழியாக இறங்கி இரண்டுக்கும் நடுவில் தேங்கி நிற்கும். மிதித்தால் கால்விரல் நடுவே பொங்கி வரும். ஈரலிப்புக்கு மருந்து மேலே இருக்கிறது: ஆனிங்கின் காற்றுத் துவாரங்களைத் திறந்து வைப்பது, எதிரெதிர்க் கதவுகளில் கொஞ்சம் இடைவெளி விடுவது.

சரளைத் தளம் வேறு கதை

ஹார்ட்ஸ்டாண்டிங் என்று சொல்லும் சரளை போட்ட இடங்களில் புல்லைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் மெல்லிய விரிப்பைக் கூர்க்கல் ஒரே நாளில் தின்றுவிடும். கதிரைக் கால் ஊன்றிய இடமெல்லாம் ஓட்டை. அங்கே ஒரு தடித்த நுரை விரிப்போ, பூட்டிக்கொள்ளும் நுரைத் தகடுகளோ வேண்டும். முட்டிபோட்டு விளையாடுகிற பிள்ளைகளும், தரையில் காலை நீட்டி உட்கார விரும்பும் மாமிமாரும் இருக்கிற வீட்டில் இது சுகத்துக்கு மேல் தேவை.

நுரைத் தகடுகள் வாங்கும்போது கணக்குப் போடாமல் போகாதீர்கள். வழமையான தகடு 60 செ.மீ. சதுரம். நாலு மீட்டருக்கு இரண்டரை மீட்டர் தரைக்கு நீளத்தில் 7, அகலத்தில் 4, ஆக 28 தகடு. இது 4.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் வரும். நீளத்தில் 20 செ.மீ. கூடும், அகலத்தில் 10 செ.மீ. குறையும். கடைசி வரிசையைக் கத்தியால் வெட்டத்தான் வேண்டும். நுரையில் பாரமான பொருள் நாட்கணக்கில் நின்றால் பள்ளம் நிற்கும். குளிர்ப்பெட்டியின் அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். இவையும் காற்றை அடைப்பவை என்பதால் புல்லின்மேல் வேண்டாம்.

அளவில் ஏமாறுவது

முழுநீள ஆனிங்கில் 950, 1000 என்று ஓர் எண் இருக்கும். அது தரையின் நீளம் இல்லை. கேரவனின் முன்பக்கம் நிலத்திலிருந்து தண்டவாளப் பள்ளம் வழியாக மேலே ஏறி, பின்பக்கம் நிலம்வரை இறங்கும் சுற்றளவு, செ.மீ. கணக்கில். அதை நீளமென்று நினைத்து விரிப்பு வாங்கினால் பாதியை மடித்து வைக்க வேண்டியதுதான். ஆனிங்கை ஒருமுறை முழுதாகக் கட்டிவிட்டு, உள்ளே தரையில் டேப் பிடித்து அளந்து எழுதிவையுங்கள். சுவர்கள் சரிவாக இறங்குவதால் மேலே அளந்தால் பொய் சொல்லும். ஆழம் இரண்டரை மீட்டர், மூன்று மீட்டர் என்றிருப்பதே அதிகம். விரிப்புகளும் அந்த அகலத்திலேயே வரும்.

ஒரு சாண் கூடுதலாகவே இருக்கட்டும் என்று சிலர் வாங்குவார்கள். வீட்டுக் கம்பளத்துக்கு அது சரி. இங்கே சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு கூரையில் இருந்து வழியும் மழையை வாங்கி நேராக உள்ளே கொண்டுவந்துவிடும். விரிப்பு சுவருக்குள்ளே நாலு விரல் இடைவெளி விட்டு முடிய வேண்டும். சுவரின் அடியில் தொங்கும் சேற்றுத் துணி உள்ளே மடிந்து இருந்தால், விரிப்பு அதன்மேல் வர வேண்டும்.

பாரம்

ஒவ்வொரு கேரவனுக்கும் நீங்கள் ஏற்றக்கூடிய பொருட்களுக்கு ஓர் எடை வரம்பு உண்டு. பல வண்டிகளில் அது 150 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆனிங், தடி, தண்ணீர்க் குடம், பெரிய சட்டி, அரிசிப் பை என்று சேரும்போது அது எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும் என்பது குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தெரியும். பூட்டும் கடினப் பிளாஸ்டிக் தகடுகள் உறுதியானவை, நீர் அடியில் ஓடிவிடும், பருவம் முழுக்க ஒரே இடத்தில் நிறுத்துகிறவர்களுக்கு அருமையானவை. இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் வாங்குமுன் மொத்த எடையைப் பார்த்துவிடுங்கள்.

நெருப்பு

விரிப்பைப் பற்றிப் பேசும் இடத்தில் இதையும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மழை வந்துவிட்டதென்று கரி அடுப்பை ஆனிங்குக்குள் இழுக்காதீர்கள். வினைலும் நுரையும் உருகுவது சின்ன விஷயம். அணைந்துவிட்டது என்று நினைக்கிற கரியும் மணிக்கணக்கில் காபன் மொனொக்சைட் விடும்; அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கூடாரத்துக்குள்ளும் ஆனிங்குக்குள்ளும் இதனால் உயிர் போயிருக்கிறது. இறைச்சி பாதி வெந்தபடி இருந்தாலும் அடுப்பு வெளியிலேயே நிற்கட்டும்.

ஈரத்தோடு சுருட்டுவது

பிரித்தானியாவில் புறப்படும் நாளில் மழை பெய்யாமல் இருப்பது அரிது. நனைந்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வரலாம், தப்பில்லை. வீட்டுக்கு வந்ததும் கராஜில் போட்டு மறந்துவிடுவதுதான் தப்பு. அடுத்த பயணத்தில் விரிக்கும்போது கரும்புள்ளிப் பூஞ்சணமும் நாற்றமும் வரும். அன்றைக்கே மதில்மேல் போட்டுக் குழாய்த் தண்ணீர் அடித்து, இருபுறமும் காயவிடுங்கள். நெய்த விரிப்பை மடிக்காமல் சுருட்டுங்கள். மடித்த தடம் நிமிரவே நிமிராது, பிள்ளைகளின் காலைத் தடுக்கும்.

நிறத்துக்கு வந்தால், கறுப்பு வெயிலில் சுடும், வெளிர் சாம்பலில் ஒவ்வொரு சேற்றுத் தடமும் தெரியும். இரண்டும் கலந்த நெசவே எனக்குப் பிடித்தது. நம் சமையலின் கறையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் விரிப்பில் கோழிக்குழம்பு கவிழ்ந்தபோது மனைவி சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள்; மஞ்சள் கறை கண் முன்னாலேயே செங்காவியாக மாறியது. பதறிவிட்டோம். சவர்க்காரக் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் சிவக்கும். நன்றாக அலசிவிட்டு அந்தப் பக்கத்தை வெயிலுக்குத் திருப்பிப் போட்டோம். மூன்றாம் நாள் பின்னேரம் எங்கே கொட்டியது என்று தேட வேண்டியிருந்தது.