சி.பி.ஆர். சொல்லித்தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி உயிர்காக்க முயலும் முதலுதவிதான் சி.பி.ஆர். அதற்கான ஒரு மணி நேர வகுப்பில் பாதிக்கு மேல் இதயத்தின் படத்தை விளக்குவதிலேயே போய்விடுகிறது. கடைசியில் முன்வரிசையில் இருக்கும் இரண்டு பேர் பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பார்ப்பார்கள். மற்றவர்கள் செல்போனில் படம் பிடிப்பார்கள். ஒருமுறைகூட அழுத்திப் பழகாத கை, அவசரத்தில் தயங்கத்தான் செய்யும். படத்தைக் குறைத்து, ஆளுக்கு இரண்டு நிமிடமாவது பொம்மையைக் கொடுங்கள். மூச்சு வாங்கும், தோள் கடுக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஏன் ஆள் மாற வேண்டும் என்பது அப்போது தானாகப் புரியும்.

நான் மிகப் பெரிதாகக் கருதும் தவறு, கடைசி மூச்சிழுப்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவது. இதயம் நின்ற பிறகும் சிலர் கரையில் போட்ட மீன்போல வாயைத் திறந்து, விட்டுவிட்டு மூச்சை இழுப்பார்கள். குறட்டை போலவும் கேட்கும். "மூச்சு இருக்கு, பயப்படாதீங்க" என்று சுற்றி நிற்பவர்கள் காத்திருப்பார்கள். சிலருக்குத் தொடக்கத்தில் கைகால் வெட்டி இழுக்கும். உடனே வலிப்பு என்று சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் 108-ஐ ஸ்பீக்கரில் அழைத்துவிட்டு அழுத்தத் தொடங்கச் சொல்லுங்கள். நாடி பிடித்துப் பார்ப்பதைப் பொதுமக்களுக்குக் கற்பிக்கவே வேண்டாம். பதற்றத்தில் தங்கள் விரலின் துடிப்பையே விழுந்தவரின் நாடியாக எண்ணிவிடுவார்கள்.

வாயோடு வாய் வைத்து ஊதுவதைக் கட்டாயமாக்கினால் பலர் கிட்டேயே வரமாட்டார்கள். திடீரென மயங்கி விழுந்த வயது வந்தவருக்கு நெஞ்சை மட்டும் அழுத்தினாலும் உதவிதான். ஆனால் நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சு கொடுப்பது முக்கியம். கிணறும் ஏரியும் உள்ள ஊர்களில் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

பொம்மைகள் பெரும்பாலும் ஆண் உடலாகவே இருக்கின்றன. விழுந்தவர் பெண் என்றால் தொடலாமா என்ற தயக்கம் வருகிறது. அதை வகுப்பிலேயே வாய்விட்டுப் பேசிவிடுங்கள்: இடம் அதே நடு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதி, அழுத்தமும் அதேதான்.

கட்டிலிலோ மெத்தையிலோ வைத்து அழுத்தினால் பயன் குறையும். தரையில் படுக்க வைக்க வேண்டும். வயது வந்தவர்களுக்கு ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 6-ஐத் தாண்டவும் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விட வேண்டும். விலா எலும்பு முறியக்கூடும் என்பதையும் மறைக்காதீர்கள். 'கடக்' என்று சத்தம் கேட்டால் கையின் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டு, ஆம்புலன்ஸ்காரர் வந்து பொறுப்பை ஏற்கும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.