1961 ஜாகுவார் இ-டைப் அசல்தானா? வாங்குவதற்கு முன் சரிபார்க்கும் முறை

ஜாகுவார் இ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானது. 1975 வரை எழுபதாயிரத்துக்கும் மேல் தயாரானாலும், சேகரிப்பாளர்கள் போட்டி போடுவது முதல் வருடத்து 3.8 லிட்டர் கார்களுக்குத்தான். கால் வைக்கும் இடத்தில் பள்ளம் இல்லாத தட்டைத் தரை கொண்டவை அவை. அவற்றிலும் முதல் 500 கார்களில் பானட் (என்ஜின் மூடி) பூட்டு வெளிப்பக்கம் இருக்கும். விலை வித்தியாசம் மிகப் பெரிது என்பதால், பிந்தைய கார்களை முதல் வருடக் கார் போல மாற்றி விற்பவர்களும் உண்டு. இந்தக் காருக்கு முழு பாடி உட்பட அநேகமாக எல்லாமே புதிதாகச் செய்து கிடைக்கிறது. அதனால் வெளித்தோற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தேவையானவை: நல்ல டார்ச், சிறு கண்ணாடி, மெல்லிய காந்தம், பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி, பருத்தித் துணி, கார்புரேட்டர் கிளீனர், போன் கேமரா. கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வேண்டவே வேண்டாம். எண்களைச் சுற்றியுள்ள பழைய கீறல்கள்தான் நம் சாட்சி. அவற்றைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது.

படி 1: சேஸிஸ் எண்ணைப் படியுங்கள்

3.8 லிட்டர் காரின் சேஸிஸ் எண் ஆறு இலக்கம். 850001-இல் தொடங்கும் வரிசை வலப்பக்க ஸ்டீயரிங் திறந்த கார்களுக்கு, 860001 வலப்பக்க ஸ்டீயரிங் கூப்பேக்களுக்கு (நிலையான கூரை உள்ளவை). 875001 இடப்பக்கத் திறந்த கார், 885001 இடப்பக்கக் கூப்பே. எண் 1இ (1E) என்று தொடங்கினால் அது 1964 அக்டோபரில் வந்த 4.2 லிட்டர் கார்.

எண் 875 அல்லது 876 என்று தொடங்கி, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால், ஏற்றுமதிக் காரின் ஸ்டீயரிங்கைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கிறார்கள். இது குற்றமல்ல, ஆனால் விலையில் தெரிய வேண்டும். எண் 885 என்று தொடங்கும் கார் மேற்கூரை இல்லாமல் நின்றால் யாரோ கூப்பேயை வெட்டியிருக்கிறார்கள், அல்லது எண் வேறு காரிலிருந்து வந்திருக்கிறது.

வெளிப் பூட்டுக் கார்கள் 850091, 860004, 875385, 885020 ஆகிய எண்களோடு முடிகின்றன. நான்கு வரிசைகளையும் கூட்டினால் சரியாக 500 வரும். இதைத் தாண்டிய எண்ணில் வெளிப் பூட்டு இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

படி 2: நான்கு எண்களையும் காரிலேயே தேடுங்கள்

என்ஜின் அறையில் ஓர் அலுமினியத் தகடு இருக்கும். சேஸிஸ், என்ஜின், பாடி, கியர்பாக்ஸ் எண்கள் நான்கும் அதில் உண்டு. இந்தத் தகடு வெற்றாகவே கடையில் கிடைக்கிறது. ஆகவே அதில் உள்ளதைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணையும் அதனதன் இடத்தில் பாருங்கள்:

- சேஸிஸ் எண்: முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில், வலது ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்கு மேல்.
- என்ஜின் எண்: பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேல். சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியிலும் அதே எண். 3.8-க்கு ஆர் (R) என்ற எழுத்தில் தொடங்கும். கடைசியில் வரும் 8 அல்லது 9 கம்ப்ரெஷன் விகிதம்.
- கியர்பாக்ஸ் எண்: பெட்டியின் இடது பின் மூலையில். தொடக்க எழுத்துகள் இபி (EB).
- பாடி எண்: தனிச் சிறு தகட்டில். திறந்த காருக்கு ஆர் (R), கூப்பேக்கு வி (V).

பிளாக்கில் ஒரு எண், ஹெட்டில் வேறு எண் என்றால் ஹெட் மாறியிருக்கிறது. இது பழைய கார்களில் சகஜம்.

படி 3: எழுத்தை அல்ல, எழுத்தைச் சுற்றியுள்ள இரும்பைப் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள்.

கிளீனர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் துடையுங்கள். டார்ச்சை நேராகப் பிடிக்காமல், பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். என்ஜின் பிளாக்கில் எண் பொறித்த இடத்தின் மேற்பரப்பு, சுற்றியுள்ள பகுதியோடு இயல்பாகச் சேர வேண்டும். கிரைண்டர் ஓட்டியிருந்தால் வளைந்த கீறல்களோ, லேசான குழியோ, அந்தச் சிறு இடத்தில் மட்டும் வழவழப்போ தெரியும். பழைய எண்ணின் நிழல் புதிய எண்ணுக்கு அடியில் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

அச்சு கையால் அடித்தது என்பதால் இலக்கங்கள் கொஞ்சம் ஏறி இறங்கி இருப்பது இயல்பு. வரிசை கோணலாக இருக்கிறது என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். இலக்கத்தின் வடிவம்தான் முக்கியம். இதே வரிசையைச் சேர்ந்த, சந்தேகத்துக்கு இடமில்லாத வேறு கார்களின் படங்களோடு 3, 6, 9 ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பல கோணங்களில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இ-டைப்பின் பலவீனம். சேஸிஸ் எண் இருக்கும் அந்த முன் சட்டம் போல்ட் போட்டு மாட்டியது, கழற்றி மாற்றலாம். விபத்திலோ துருவிலோ பலவற்றை மாற்றியும் இருக்கிறார்கள். நேர்மையாக மாற்றியவர் பழைய எண் துண்டையும் ரசீதையும் பத்திரமாக வைத்திருப்பார். விற்பவரிடம் அதைக் கேளுங்கள். என்ஜினைத் தாங்கும் பக்கச் சட்டங்கள் ரெனால்ட்ஸ் 541 எஃகுக் குழாய்கள், இணைப்புகள் பித்தளைப் பற்றவைப்பு. அந்த இணைப்புகளில் கேஸ் வெல்டிங்கோ மிக் வெல்டிங்கோ தெரிந்தால் பிற்கால வேலை.

படி 4: தரையும் பானட்டும்

முன் கம்பளத்தைத் தூக்குங்கள். தட்டைத் தரைக் காரில் தரைத் தகடு கால் வைக்கும் இடத்திலும் இறங்காமல் நேராகப் போகும். பிற்காலத் தரையை வெட்டித் தட்டையாக்கியிருந்தால், தகட்டின் ஓரங்களில் தெரிந்துவிடும். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் சிறிய வட்டப் பள்ளங்களாக, ஏறக்குறைய சம இடைவெளியில் வரும். துளை போட்டு நிரப்பிய வெல்டிங் மேடாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். அடியிலிருந்தும் பாருங்கள்.

உள்பக்கப் பூட்டுக் காரை வெளிப் பூட்டுக் காராக மாற்றினால், காருக்குள் இருந்த கைப்பிடிகளின் துளைகளை அடைக்க வேண்டும். முன் தூண்களின் உள்பக்கம் அடைத்த தடயத்தைக் கண்ணாடி வைத்துத் தேடுங்கள். காற்றுத் துளைகள் கொண்ட தகட்டைத் தனியாகச் செய்து பானட்டில் பற்றவைத்ததும் ஆரம்பக் கார்களின் அடையாளம். பின்னர் அவற்றை பானட்டிலேயே அழுத்தி எடுத்தார்கள்.

காந்தம் ஒட்டவில்லை என்றாலே பட்டி பூசியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். பாடி இணைப்புகளில் தொழிற்சாலையிலேயே ஈயம் நிரப்பினார்கள். ஈயத்திலும் காந்தம் ஒட்டாது, தடிமன் கருவியும் அதிகம் காட்டும். தகட்டின் நடுவில் அப்படிக் காட்டினால்தான் பட்டி.

படி 5: என்ஜின் எந்தத் தலைமுறை?

3.8-இல் இன்லெட் மேனிஃபோல்ட் (என்ஜினுக்குள் எரிபொருள் கலவையைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) மூன்று தனி வார்ப்புகள், நீர்க் குழாய் தனி. 4.2-இல் ஒரே வார்ப்பு. 3.8-இல் டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும்), 4.2-இல் ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த். 3.8-இன் மாஸ் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. ஓடும்போது முதல் கியர் சத்தமின்றிச் சுலபமாக விழுந்தால் பெட்டி மாறியிருக்கும். ஓட்டுவதற்கு அது சுகம், அசலுக்கு அது குறை.

படி 6: சான்றிதழ்

இங்கிலாந்தில் உள்ள ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட், தொழிற்சாலைப் பதிவேட்டின்படி சான்றிதழ் தருகிறது. நான்கு எண்கள், நிறங்கள், தயாரான தேதி, முதல் விநியோகஸ்தர் போன்றவை அதில் வரும். எந்தக் கார் வெளியே போனது என்பதற்குத்தான் அது ஆதாரம். உங்கள் முன் நிற்பது அதே கார்தானா என்பதை அது சொல்லாது. இதைக் கடைசிப் படியாக வைத்ததற்குக் காரணமும் அதுவே. சான்றிதழை முதலில் கையில் வாங்கினால், பிறகு அதில் உள்ளதையே கண் தேடும். நகலை ஏற்காமல், புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

என்ஜின் எண் பொருந்தாமல், விற்பவர் அதை முதலிலேயே சொல்லியிருந்தால், விலையைக் குறைத்து வாங்கலாம். எண் பொருந்தி, அதைச் சுற்றி கிரைண்டர் தடம் இருந்தால், அந்த எண் விற்பவர் கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்ததா என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், முன்பணம் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.