√16 விகிதமுறா எண் இல்லை: வகைப்படுத்தலில் நான் மாற்றிய வரிசை

வேளச்சேரியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மெய்யெண்கள் பாடம் எடுக்கிறேன். விடைத்தாளில் திரும்பத் திரும்ப வரும் தப்பு, எண்ணின் தோற்றத்தைப் பார்த்தே பெயர் வைப்பது. வேர்க்குறி இருந்தால் விகிதமுறா எண் (4/7 போன்ற பின்னமாக எழுத முடியாதது), கோடு போட்டிருந்தால் பின்னம் என்று எழுதிவிடுகிறார்கள். அதனால் முதலில் சுருக்கு, பிறகு பெயர் வை என்று வரிசையை மாற்றினேன். √16 சுருங்கினால் 4, அது இயல் எண். −12/4 என்பது −3, அது முழு (integer: 0, 1, 2... என்ற முழு எண்களோடு −1, −2... என்பவையும் சேர்ந்தது). √8 என்பது 2√2, அது மட்டும் விகிதமுறா எண்ணாகவே நிற்கும்.

அடுத்து, மிகச் சிறிய கணத்தை மட்டும் கண்டுபிடிக்கச் சொன்னேன். வேளச்சேரிக்காரர் சென்னைக்காரரும்தானே! 4 இயல் எண் என்றால் முழு எண், முழு, விகிதமுறு எண், மெய்யெண் எல்லாமே அதுதான். 0 மட்டும் இயல் எண்ணில் சேராது, முழு எண்ணிலிருந்து தொடங்கும் (நம் பாடநூல் வழக்கம் இது).

தசமத்தில்தான் கால்குலேட்டர் ஏமாற்றும். 1/17-ஐத் தட்டினால் 0.058823529 என்று நிற்கும், சுழற்சியே தெரியாது. 16 இலக்கம் போன பிறகுதான் அது மீண்டும் தொடங்குகிறது: 0.0588235294117647 0588... ஆகவே திரையை நம்பாமல் பின்னத்தின் பகுதியை (கோட்டுக்குக் கீழே உள்ள எண்ணை) பாருங்கள். சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லையென்றால் தசமம் முடியும், இருந்தால் சுழலும். இரண்டுமே விகிதமுறு எண்கள். 0.1010010001... முடியவும் இல்லை, சுழலவும் இல்லை, ஆகவே விகிதமுறா எண்.

22/7 விகிதமுறு எண், பை அப்படியல்ல. 3.142..., 3.141... என்று மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.