நாய்க்கு ஊசி போட்ட பிறகு: தூஜா உருண்டையும் அதற்கு முன்பு செய்ய வேண்டியவையும்

விசர்நாய்த் தடுப்பூசி ஏன் போட வேண்டும் என்று இங்கே விளக்கப் போவதில்லை. மலையகத்தில் நாய் வளர்க்கும் எவருக்கும் அது தெரியும். சிக்கல் ஊசிக்குப் பிறகுதான் தொடங்குகிறது. நாய் சுருண்டு படுக்கிறது, சோற்றை முகர்ந்துவிட்டுப் போகிறது, தொட்டால் முனகுகிறது. உடனே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "தம்பி, தூஜா முப்பது வாங்கிக் கொடு, ஊசி விஷம் இறங்கிவிடும்." தூஜா என்பது ஹோமியோபதி மருந்து, சிறு உருண்டையாகக் கிடைக்கும்.

எங்கள் கருப்பிக்கு ஊசி போட்ட முதல் ஆண்டிலேயே இந்தக் குரலைக் கேட்டேன். மிருக வைத்தியரிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் எனக்கென ஒரு ஒழுங்கை அமைத்துக்கொண்டேன். ஒவ்வோர் ஆண்டும் அப்படியே செய்கிறேன்.

1. காலையிலேயே ஊசி போடுங்கள்

ஊசியால் கடும் ஒவ்வாமை வருவது அரிது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். மாலையில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினால், மழையில் கடைசி பஸ்ஸும் போன பிறகு மிருக வைத்தியரை எங்கே தேடுவது? வெள்ளிக்கிழமை மாலையையும் தவிருங்கள். நடமாடும் தடுப்பூசி முகாம் உங்கள் பிரிவுக்கு வந்தால், அங்கிருப்பவரிடம் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணைக் கேட்டு, ஊசி அட்டையின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். முச்சக்கரவண்டிக்காரர் ஒருவரின் எண்ணும் அதே இடத்தில் இருக்கட்டும்.

2. முதல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்

பலர் தவறவிடும் படி இது. ஊசி போட்டதும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். நாயின் முகத்தைப் பாருங்கள். கண்ணிமை, உதடு, மூக்குப் பகுதி வீங்குகிறதா? உடலில் தடிப்புகள் எழுகின்றனவா? திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? நிற்க முடியாமல் சரிகிறதா?

கறுப்பு நாய்களில் தோல் தடிப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. வயிற்றுப் பக்கம் முடி குறைந்த இடத்தில் பாருங்கள். ஈறையும் பாருங்கள். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் ஏறக்குறைய இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு முழுவதும் வெளிறிக் கிடந்தால் அது ஆபத்து. நாய் நலமாக இருக்கும் நாளிலேயே ஈறின் நிறத்தைப் பார்த்து வையுங்கள். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அவற்றுக்குக் கீழிமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உருண்டையைத் தேடாதீர்கள். திரும்பி மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது ஒவ்வாமையை அடக்க அவர் போடும் ஊசி மட்டுமே.

3. வீட்டில்: சூடு, தண்ணீர், ஓய்வு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களிலும் இரவுக் குளிர் கடுமை. இஸ்தோப்பின் சீமெந்துத் தரையில் நாயைப் படுக்க விடாதீர்கள். உலர்ந்த சாக்கை இரண்டாக மடித்துப் போட்டு, காற்று அடிக்காத மூலையில் விடுங்கள். ஒரு வேளை சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். சிறு குட்டி மட்டும் விதிவிலக்கு. அது நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. சில நாளைக்குக் குளிப்பாட்ட வேண்டாம்.

பனடோல் (பரசிட்டமோல்) கொடுக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. பூனைக்கு அது உயிரையே பறிக்கும், நாய்க்கும் நஞ்சாகலாம். மனிதருக்கான வலி மாத்திரை எதுவுமே வேண்டாம்.

4. வெப்பமானி

மூக்கு காய்ந்திருக்கிறது, காது சுடுகிறது என்பதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை. நுனி வளையும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைப் பாமசியில் வாங்கி, நாய்க்கென்று எழுதி வையுங்கள். பாதரசக் கண்ணாடி வேண்டவே வேண்டாம், நாய் திமிறினால் உடையும். நுனியில் சிறிது வாசலின் தடவி, வாலை மெல்லத் தூக்கி, மலவாயில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நுழைத்தால் போதும். ஒருவர் தலைப் பக்கம் இருந்து பேச்சுக் கொடுக்க வேண்டும்.

நாய்க்கு இயல்பான வெப்பநிலை ஏறக்குறைய 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். நம் கணக்கில் காய்ச்சல் என்று தோன்றுவது அதற்கு இயல்பு. ஊசிக்குப் பின் சற்று ஏறுவது வழமை, ஓரிரு நாளில் இறங்கிவிடும். 40ஐத் தாண்டினாலோ, இரண்டு நாளுக்குப் பிறகும் சோர்வு தீராவிட்டாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

5. இனி தூஜா

ஊசிக்குத் தூஜா என்ற வழக்கம் பழையது. பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பின் மனிதருக்கு வரும் உபாதைகளுக்கு இது மருந்து என்று 1884இல் ஜேம்ஸ் காம்ப்டன் பர்னெட் என்ற ஆங்கில ஹோமியோபதி வைத்தியர் எழுதினார். அங்கிருந்துதான் நாய்க்கும் வந்து சேர்ந்தது. ஊசி குத்திய வலிக்கு லீடம், கட்டிக்குச் சைலீசியா என்று வேறு ஹோமியோபதி மருந்துகளையும் சொல்வார்கள்.

போத்தலில் 30 என்று இருந்தால், ஒன்றுக்கு நூறு என்று முப்பது முறை நீர்த்தது என்று பொருள். ஒன்றுக்குப் பின்னால் அறுபது சைபர். பன்னிரண்டாவது முறையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு கூட எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. கையில் இருப்பது சீனி உருண்டை. கொடுத்த மறுநாள் நாய் எழுந்து ஓடும். கொடுக்காவிட்டாலும் ஓடும், ஏனென்றால் ஊசிச் சோர்வு தானாகவே தீர்வது. இந்த முடிவுக்கு வந்தபின் நான் கொடுப்பதில்லை.

உங்கள் வீட்டில் அம்மாவோ மாமியோ கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மேலே சொன்ன நான்கையும் முடித்துவிட்டுக் கொடுங்கள். உருண்டை மட்டும். மதர் டிங்சர் எனப்படும் சாறு கூடாது; அதில் மதுசாரமும், வலிப்பை உண்டாக்கக்கூடிய தூஜோனும் உண்டு.

இன்னொன்று. ஊசிக்குப் பதிலாக லிசின் என்ற ஹோமியோபதி உருண்டையைக் கொடுத்தால் விசர் வராது என்று சொல்பவரை நம்பாதீர்கள். அது பாதுகாக்காது. விசர் நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் நாயும் பிழைக்காது, கடிபட்ட குழந்தையும் ஏறக்குறைய எப்போதும் பிழைப்பதில்லை. ஒரே காம்பராவில் பிள்ளைகளும் நாயும் சேர்ந்து வளரும் நம் லயங்களில் இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

6. கட்டி

ஊசி போட்ட இடத்தில் பட்டாணி அளவு கட்டி வரலாம். வலி குறைந்து, சில வாரங்களில் கரையும். தேய்க்காதீர்கள், பச்சிலை வைத்துக் கட்டாதீர்கள். வாரம் ஒருமுறை நூலால் அளந்து திகதியோடு அட்டையில் குறியுங்கள். சூடாகி, சிவந்து, சீழ் கசிந்தால் காத்திருக்க வேண்டாம்.

பின்னர் சேர்த்தது

பூனைக்கும் இதே கணக்கா என்று ஒருவர் கேட்டிருந்தார். பூனைக்குக் கட்டி விஷயத்தில் கண்டிப்பு அதிகம் வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலும், இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலும், ஊசி போட்டு ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தாலும் காட்டியே ஆக வேண்டும். அரிதாக அது புற்றாகலாம். உள்ளூரில் முடியாவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

ஊசி போட்ட நாய்தானே கடித்தது, பரவாயில்லையா என்று வேறொருவர் கேட்டார். பரவாயில்லை என்று விடாதீர்கள். முதல் ஊசி போட்ட குட்டிக்கு எதிர்ப்புச் சக்தி உருவாகவே சில வாரம் பிடிக்கும். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, நாயின் ஊசி அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். மருந்து தேவையா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.