ஹாட் ராட் இஞ்சின் எடுக்க மாட்டேங்குதா? ஹெட்டைக் கழற்றும் முன் இந்த வரிசையில் பாருங்கள்

பழைய வண்டியை வேகத்துக்கும் அழகுக்கும் மாற்றிக் கட்டுவதுதான் ஹாட் ராட். அதற்காக இஞ்சின் சிலிண்டருக்குப் போர் போட்டாச்சு, ரிங் மாற்றியாச்சு, வால்வு தேய்த்தாச்சு, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. உடனே பாதிப் பேர் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து கழற்றாதீர்கள். லேத் பட்டறையில் ஒழுங்காக வேலை முடிந்து வந்த இஞ்சின் அவ்வளவு சீக்கிரம் கோளாறு பண்ணாது. நீங்கள் புதிதாக மாற்றிய சேஸிஸ், ஒயரிங், பெட்ரோல் லைன், இடம் தள்ளி வைத்த ரேடியேட்டர், இவற்றில்தான் பெரும்பாலும் வினை இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் நாம் ஹாட் ராடுக்குப் பேர்போன 1932 ஃபோர்டைத் தேட முடியாது. பழைய ஜீப் சேஸிஸும் அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இஞ்சினும் கைக்கு எட்டும், அதனால் கீழே உள்ள அளவுகள் அந்த இஞ்சினுக்கானவை. இஞ்சின் மாற்ற ஆர்டிஓ அனுமதியும் ஆர்சியில் பதிவும் வேண்டும், அதை வேலை தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆயில். புதிதாகப் பூட்டிய இஞ்சினில் ஆயில் பம்ப் காய்ந்து கிடக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி, காயிலுக்கு வரும் ஒயரை எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் கேஜில் முள் எழும்பும் வரை கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு செல்ஃப் அடியுங்கள். முள் அசையாமல் ஸ்டார்ட் பண்ணினால் புது பேரிங் வீணாகும்.

செல்ஃப் மந்தமாக இழுத்தால் எர்த், அதாவது இஞ்சினிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் திரும்பும் இணைப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புது வண்டி கட்டும்போது இஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கும், சேஸிஸ் முழுக்க அழகாகப் பெயின்ட் அடித்திருப்போம், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போக ஒழுங்கான வழி இருக்காது. பாளையங்கோட்டையில் ஒரு பட்டறையில் தம்பி ஒருவன் "அண்ணாச்சி, பேட்டரி புதுசு, செல்ஃப் புதுசு, இழுக்க மாட்டேங்கு" என்றான். அண்ணாச்சி கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. "எர்த்தைப் பாத்தியாடே?" என்று கேட்டுக்கொண்டே ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இஞ்சின் பிளாக்கிலும் மாட்டினார். அடுத்த நொடி செல்ஃப் விர்ரென்று சுற்றியது. எர்த் இல்லாததால் அவ்வளவு கரண்டும் அந்த மெல்லிய சோக் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நீங்கள் மல்டிமீட்டரை வைத்தே பார்க்கலாம். ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று பிளாக்கில், ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளவென்று தெரியவைத்து, தடிமனான எர்த் ஸ்ட்ராப்பைப் பிளாக்கிலிருந்து சேஸிஸுக்குப் போட்டு, முறுக்கியபின் மேலே கிரீஸ் தடவிவிடுங்கள்.

அப்புறம் கரண்டும் டைமிங்கும். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் கேப் 0.015 அங்குலம், பிளக் கேப் 0.025 அங்குலம், ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், கண்ணால் அல்ல. செல்ஃப் அடிக்கும்போது கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடித்தால் ஒயர் மாறியிருக்கும், இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும். இக்னிஷனை ஆஃப் பண்ணிவிட்டு ரேடியேட்டர் பக்கத்து முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு இஞ்சினைக் கையால் சுற்றுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் அது கம்ப்ரஷன் சுற்று. அப்படியே புல்லி வெட்டை டைமிங் கவரில் உள்ள குறிக்கு நேராகக் கொண்டுவந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால், ரோட்டார் முதல் ஒயரைப் பார்த்து நிற்க வேண்டும். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 1, 3, 4, 2 என்று ஒயர்களைப் போடுங்கள்.

கரண்ட் சரி என்றால் பெட்ரோல். கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பார்த்தால் வருகிறதா என்று தெரிந்துவிடும். வண்டி கட்டி முடிய மாதக்கணக்கில் ஆகும், இப்போது பங்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது, எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் அரிக்கும். அதனால் டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு ஹோஸைப் புதிதாகப் போடுங்கள். லைனை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சித்திரை வெயிலில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியாகி, நாங்குநேரி தாண்டும் முன் வண்டி நின்றுவிடும். பானெட் இல்லாமல் கார்புரேட்டர் வெளியே தெரிய வைப்பது ஹாட் ராடுக்கு அழகுதான், ஆனால் ஆடிக் காற்றில் திசையன்விளைப் பக்கம் பறக்கும் தேரி மணலுக்கு ஏர் ஃபில்டர் இல்லாத இஞ்சின் தாங்காது. இதில் சமரசமே வேண்டாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் மட்டும் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைக் கேஜில் அளப்பது. பிளக் நான்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்து அளந்தால் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஆனால் டாப்பெட், அதாவது வால்வுக்கு மேலே விடும் இடைவெளி, டைட்டாக இருந்தாலும் வால்வு போனது போலவே காட்டும், எனவே முதலில் டாப்பெட்டை 0.015 அங்குலத்துக்கு வைத்துவிட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட். இப்போது தாராளமாகக் கழற்றலாம்.

ஸ்டார்ட் ஆனதும் சூட்டைப் பாருங்கள். 1932-இல் வந்த ஃபோர்டு வி8 இஞ்சினில் புகை பிளாக்குக்குள்ளேயே சுற்றிப் போகும், அதை வைத்து ஹாட் ராட் கட்டிய அமெரிக்கர்களுக்கும் இதே தலைவலிதான். நமக்கு அந்தக் குறை இல்லை, ஆனால் அழகுக்காகச் சின்ன ரேடியேட்டர் வைப்பதும் ஃபேனைச் சுற்றி வரும் தகட்டைக் கழற்றிப் போடுவதும் உண்டு. தகட்டைத் திரும்ப மாட்டுங்கள். உப்பு போர் தண்ணீர் ஊற்றாமல் டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், இஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். முதல் ஓட்டம் முடிந்து நன்றாக ஆறியபின் ஹெட் நட்டை ஒருமுறை டார்க் ரெஞ்சில் முறுக்கி, டாப்பெட்டைத் திரும்ப வைத்துவிட்டு ரோட்டில் இறக்குங்கள்.